ஒழுக்கம் பெரிதா? உயிர் பெரிதா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பத்துப்பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசத் தகாதது என்று உங்களில் சிலர் கருதலாம். ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக்கொள்ளுகின்றவர்களைப் பற்றியும், அவர்களுக்குள் பரவும் எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியும், அதற்குள்ள வைத்தியம் அவர்களுக்குச் சரிவரப் போய்ச் சேராமலிருப்பதைப் பற்றியுமே பேசப்போகின்றோம். "குத்திக்கொண்டு கெட்டவனுக்கு மேடை எதற்கு?" என்று கேட்கின்றவர்கள் கேட்கட்டும். எதைப் பேசுவதற்கு ஊரார் வெட்கப்படுகின்றார்களோ அதைப் பற்றித்தான் ஊரில் அதிகமான பொய் உலாவும். பொய் உலாவுகின்ற இடத்தில் பேசுவதுதான் நமது வேலை.

சென்ற வருஷம் நமக்குப் பழக்கமுள்ள தோழர் ஒருவர் வந்து தமது தம்பியின் கதையைச் சொன்னார். பையனுக்கு வயது 26. ஊசிப் பழக்கம் இருந்தது. காய்ச்சல் விடாமல் அடித்ததால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தது. மருந்துக்காக ஓரிடத்திற்குப் போனான். அங்கிருந்த ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் வீட்டுக்கு வந்தான். மறுபடியும் அந்தப் படியை மிதிக்கவில்லை. பதினான்கு மாதத்தில் க்ஷயரோகம் பிடித்துச் செத்துப்போனான். "அவனைக் கொன்றது அந்தக் கிருமியா, அந்தப் போதையா, அல்லது அந்த ஒரு வார்த்தையா?" என்று அண்ணன் நம்மைக் கேட்டார். அந்த வார்த்தைதான் கொன்றது என்பது நமது அபிப்பிராயம். ஏன் அப்படிச் சொல்லுகின்றோம் என்பதற்குக் காரணம் காட்டுவதே இந்தப் பேச்சு.

முதலாவதாக, இந்தக் கிருமி எப்படிப் பரவுகின்றது என்று பார்ப்போம். கிருமியுள்ள ஒருவருடைய ரத்தம் மற்றொருவருடைய ரத்தத்தில் கலப்பதனாலும், உறை உபயோகிக்காத ஆண் பெண் சேர்க்கையினாலும், மருந்து சாப்பிடாத தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகின்றது. தொட்டால் பரவாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது, கொசுக் கடியாலும் பரவாது. ஒருவன் குத்திக்கொண்ட ஊசியின் குழலில் அவனுடைய ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கியிருக்கும். அதையே அடுத்தவன் குத்திக்கொண்டால் அந்த ரத்தமும் அதிலுள்ள கிருமியும் நேரே அவனுடைய நரம்புக்குள் போய்விடும். நடந்தது இவ்வளவுதான். இதில் பாவம் எங்கே வந்தது? பூர்வ ஜன்ம கர்மம் எங்கே வந்தது?

"கெட்ட நடத்தைக்குக் கிடைத்த கூலி" என்று சொல்லுகின்றார்கள். அப்படியானால் ஒன்று கேட்கின்றோம். 2019-ம் வருஷம் பாகிஸ்தானில் லார்க்கானா ஜில்லாவிலுள்ள ரதோதேரோ என்னும் ஊரில் சில மாதங்களுக்குள் 800 பேருக்கு மேல் இந்தக் கிருமி இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். வைத்தியம் என்ற பேரால் ஒரே ஊசியைப் பலருக்கும் திரும்பத் திரும்பக் குத்தியதே அதற்கு முக்கிய காரணம். நமது நாட்டிலேயே உத்தரப்பிரதேசத்தில் பாங்கர்மாவு என்னும் ஊரில் ஒரு போலி வைத்தியன் ஒரே ஊசியால் ஊராருக்கெல்லாம் குத்திக் கிருமியைப் பரப்பியதாக 2018-ல் வெளியாயிற்று. பால் குடிக்கும் குழந்தை என்ன கெட்ட நடத்தை நடந்தது? காய்ச்சலுக்கு மருந்து போட்டுக்கொள்ளப் போன கூலிக்காரன் என்ன பாவம் செய்தான்? ஊசிக்கு ஜாதி தெரியாது, மதம் தெரியாது, யோக்கியன் அயோக்கியன் என்பதும் தெரியாது. அது ரத்தத்தைச் சுமந்து செல்லும் ஒரு இரும்புக் குழாய். அதைத் தடுப்பதற்கு வழி, ஆளுக்கு ஒரு புது ஊசி. உபதேசத்தால் ஊசி சுத்தமாகாது.

நிற்க. இந்தச் சாதாரண விஷயத்தை உணராத மூடத்தனம் படிக்காதவர்களிடம் மட்டும்தான் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பணத்திலும் விஞ்ஞானத்திலும் முதல் வரிசையிலுள்ள அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லுகின்றோம், கேளுங்கள்.

அங்கே இந்தியானா என்பது ஒரு மாகாணம். அதில் ஸ்காட் என்னும் சிறு ஜில்லாவில் ஆஸ்டின் என்றொரு ஊர். ஜனத்தொகை சுமார் 4,200. அந்த ஜில்லாவில் 2004 முதல் 2013 வரையுள்ள பத்து வருஷத்தில் எச்.ஐ.வி. கண்டவர்கள் மொத்தம் 5 பேர். ஊரில் வேலையில்லை, வறுமை மிகுதி. கடுமையான வலிக்கென்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஆக்ஸிமார்போன் என்ற மாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவிற்று. ஒரு நாளைக்கு நாலு தடவை முதல் பதினைந்து தடவை வரையிலும் குத்திக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டதும் உண்டு. ஏன் பகிர்ந்துகொண்டார்கள்? புது ஊசி கிடைக்கவில்லை. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் நிலையம் வைப்பதற்கு அந்த மாகாணத்தின் சட்டம் அப்போது இடங்கொடுக்கவில்லை. அந்த ஜில்லாவில் இந்தக் கிருமிக்குச் சோதனை செய்து வந்த ஒரு நிலையமும் 2013-ல் மூடப்பட்டுவிட்டது.

2014-ம் வருஷக் கடைசியிலிருந்து ஒவ்வொருவராகக் கிருமி உள்ளவர்கள் வெளிப்பட்டார்கள். சுகாதார அதிகாரிகள் ஊசி கொடுக்க வேண்டுமென்றார்கள். மாகாண கவர்னரோ போதைக்காரருக்கு ஊசி கொடுப்பதைக் கொள்கை அளவில் எதிர்ப்பவர். அவர் பிரார்த்தனை செய்து யோசிப்பதாகச் சொன்னார் என்று பின்னால் பத்திரிகைகளில் வந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் கிருமி யோசிக்கவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. கடைசியாக 2015 மார்ச்சு 26-ந் தேதி அவசர உத்தரவு போட்டுத் தற்காலிகமாக ஊசி கொடுக்க அனுமதித்தார். அந்த வருஷம் முடிவதற்குள் 181 பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது. பிற்பாடு இந்தத் தொகை 200-ஐயும் தாண்டிற்று. கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் கூடவே இருந்தது.

இதைப்பற்றிக் கணக்குப் போட்ட ஆராய்ச்சிக்காரர்கள் 2018-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 2013-ம் வருஷ ஆரம்பத்திலேயே இந்த வேலையைச் செய்திருந்தால் தொற்று 56 பேருக்கு மேல் போயிருக்காது. 2011-லேயே செய்திருந்தால் 10 பேருக்கு மேல் போயிருக்காது என்பது அவர்களின் கணக்கு. ஆகவே, மிச்சப் பேருக்குத் தொற்றியதற்குப் பொறுப்பு யாருடையது? குத்திக்கொண்டவனுடையது மட்டுமா, கொடுக்காமல் தடுத்தவனுடையதுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊசியும், சோதனையும், மருந்தும் ஒரே இடத்தில் கொடுக்க ஆரம்பித்த பிறகு என்ன ஆயிற்று? புதிதாகத் தொற்றுகின்றவர்களின் தொகை சரசரவென்று இறங்கி, 2020-ல் ஐந்துக்கும் குறைவாயிற்று. நெருப்பு அணைந்துவிட்டது. நெருப்பு அணைந்தவுடன் சிலருக்குத் தண்ணீர்க் குடம் கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டது. 2021 ஜூன் மாதத்தில் அந்த ஜில்லா நிர்வாகிகள் மூவரில் இருவர், ஊசி கொடுக்கும் நிலையத்தை மூடிவிட வேண்டுமென்று ஓட்டுச் செய்தார்கள். ஊசி கொடுப்பது போதைக்கு உதவி செய்வதாகும் என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதம் நம் ஊரிலும் உண்டு. ஆதலால் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம். ஊசி இல்லாவிட்டால் போதையை விட்டுவிடுவான் என்பது உண்மையானால் ஆஸ்டின் ஊரார் 2014-லேயே விட்டிருக்க வேண்டும். விட்டார்களா? பழைய ஊசியைத் தரையில் தேய்த்துக் கூராக்கியாவது குத்திக்கொள்ளுவானே ஒழிய ஊசியில்லை என்று போதையை விடுகின்றவன் இல்லை. அன்றியும், ஊசி கொடுக்கும் நிலையத்திற்குப் புதிதாக வந்து போனவர்கள், வராதவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகமாகப் போதை ஒழிப்பு வைத்தியத்தில் சேர்ந்தார்கள் என்று அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி சொல்லுகின்றது. காரணம் எளிது. ஊருக்குள் அவனை மனுஷனாக மதித்து "வா, உட்கார்" என்று சொன்ன ஒரே இடம் அது. மரியாதை கிடைத்த இடத்தில்தானே மனுஷன் தன் கஷ்டத்தைச் சொல்லுவான்?

இனி நமது நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நமது சென்னையிலேதான். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் டாக்டர் நிர்மலா அவர்களும் அதைக் கண்டறிந்தவர்கள். "இது வெள்ளைக்காரன் வியாதி, நமது புண்ணிய பூமியில் வராது" என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்தச் சோதனை அடைத்தது. ஊசி மூலம் இது காட்டுத் தீயைப் போல் பரவியது மணிப்பூரில். பர்மா எல்லையை ஒட்டிய அந்த ராஜ்யத்தில் ஹெராயின் சுலபமாகக் கிடைத்தது. 1989-ம் வருஷ நடுவரை ஊசிக்காரர்களில் கிருமி உள்ளவராக ஒருவரும் காணப்படவில்லை. 1990-க்குள் சோதித்தவர்களில் சுமார் பாதிப்பேருக்குக் கிருமி இருந்தது. முதலில் அங்கேயும் போலீசும் சிறையும்தான் வைத்தியமாயிருந்தன. அதனால் ஜனங்கள் ஒளிந்துகொண்டார்களே தவிரக் கிருமி ஒளிந்துகொள்ளவில்லை. பிறகு 1996-ல் மணிப்பூர் சர்க்கார், இந்தியாவிலேயே முதலாவதாக, ஊசி கொடுப்பதையும் உட்கொண்ட ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்துக் கணக்குகளில் அந்தப் பாதி என்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. 2017-ம் வருஷ சர்க்கார் கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 0.22 பேருக்கு இக்கிருமி இருந்தது. ஊசியால் போதை ஏற்றிக்கொள்ளுகின்றவர்களிலோ 100-க்கு 6.26 பேர். அதாவது ஏறக்குறைய இருபத்தெட்டு மடங்கு.

அடுத்தபடியாக, மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த வியாதிக்கு மருந்தே இல்லை என்ற காலம் போய்விட்டது. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இம்மருந்து வைத்தியத்தை இலவசமாகக் கொடுத்துவருகின்றார்கள். 2017 முதல், கிருமி கண்டவுடனேயே மருந்து ஆரம்பிக்க வேண்டுமென்பது விதி. அந்த விதியில் "பழக்கத்தை விட்டவனுக்கு மட்டும்" என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியவர் சொன்னது சர்க்கார் சட்டமுமல்ல, வைத்திய சாஸ்திரமுமல்ல; அவர் மனத்திலிருந்த இழிவெண்ணமே.

மருந்தைத் தினம் சாப்பிட்டால் கிருமி ரத்தத்தில் காண முடியாத அளவுக்கு அடங்கிவிடும். அடங்கிய நிலையில் அவன் மற்றவர்களைப்போல் நெடுநாள் வாழலாம். சேர்க்கை மூலம் மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றுவதுமில்லை. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த சோதனை ஒன்றில் நமது சென்னையும் சேர்ந்திருந்தது. உடனே மருந்து ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 100-க்கு 96 பங்கு குறைந்ததாக 2011-ல் அதன் முடிவு வெளியாயிற்று. ஆனால் இதை வைத்து ஊசியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஊசி எப்பொழுதும் அவரவருக்குத் தனி.

மருந்தை இடையிடையே நிறுத்தினால் என்ன ஆகும்? கிருமி மறுபடியும் பெருகும். பெருகும்போது மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும்கூடும். இதைக் காட்டித்தான் சிலர், "போதைக்காரன் ஒழுங்காகச் சாப்பிடமாட்டான், அவனுக்குக் கொடுப்பது வீண்" என்கின்றார்கள். ஒருவன் ஏன் மாத்திரையை விடுகின்றான் என்று இவர்கள் விசாரித்ததுண்டா? போதை கிடைக்காத நாளில் கைகால் உதறி, வாந்தியும் பேதியும் எடுத்துப் படுத்துக் கிடப்பவன் மாத்திரை வாங்க எப்படி வரிசையில் நிற்பான்? போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் மாத்திரை வீட்டில் கிடக்கும். வீடே இல்லாதவன் மாத்திரையை எங்கே வைப்பான்? இவையெல்லாம் ஒழுக்கக் குறைவா, வசதிக் குறைவா?

இந்தக் குறைக்கும் மருந்துண்டு. மெத்தடோன், பியூப்ரெநார்பின் என்ற மருந்துகளை டாக்டரின் மேற்பார்வையில் கொடுத்தால் அந்த உதறல் நிற்கும், ஊசியைத் தேடி ஓட வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இதைப் பரிகாசம் செய்கின்றவர்கள் உண்டு. நீரிழிவுக்காரன் தினம் இன்சுலின் போட்டுக்கொள்ளுவதை யாராவது பழக்கம் என்று பரிகாசம் செய்கின்றார்களா? பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியிட்ட கணக்கில், இந்த மருந்து பெறுகின்றவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது 100-க்கு 54 பங்கு குறைந்திருப்பதாகக் கண்டார்கள். 2016-ல் வந்த மற்றொரு கணக்கில், இதைப் பெறுகின்றவர்கள் எச்.ஐ.வி. மாத்திரையையும் அதிக ஒழுங்காகச் சாப்பிடுகின்றார்கள் என்றும், அவர்களில் அதிகம் பேருக்குக் கிருமி அடங்கியிருக்கின்றது என்றும் கண்டார்கள்.

இம்மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கின்றது. கிரிமியாவில் சுமார் 800 பேர் இதைப் பெற்று வந்தார்கள். 2014-ல் ருஷ்யா அந்தப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டது. ருஷ்யாவில் மெத்தடோன் சட்ட விரோதம். ஆதலால் சில வாரங்களுக்குள் அத்தனை பேருக்கும் மருந்து நின்றது. அடுத்த ஜனவரிக்குள் அவர்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறந்துபோனதாக ஐக்கிய நாட்டு சபையின் எய்ட்ஸ் தூதர் சொன்னார். அங்கே புதிதாக எந்த வியாதியும் வரவில்லை. ஒரு சட்டம்தான் வந்தது.

ஆகவே தோழர்களே! நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது என்ன என்று சொல்லி முடிக்கின்றோம்.

இந்தக் கூட்டத்தில் அப்பழக்கமுள்ளவர்களும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லுகின்றோம். ஊசி மட்டுமல்ல, மருந்து கரைக்கும் கரண்டி, பஞ்சு, தண்ணீர் எதையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். நம்பிக்கை மையத்திற்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் அடியோடு குணப்படுத்தலாம். கிருமிக்கு மாத்திரை சாப்பிடுகின்றவர்கள், "இன்று குடித்துவிட்டேன், இன்று குத்திக்கொண்டேன், இரண்டும் சேர்ந்தால் விஷம்" என்று எண்ணி அன்றைய மாத்திரையை விடாதீர்கள். மாத்திரையை விடுவதுதான் கெடுதல். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று முழுக்கை உதறாமல் மறுபடியும் தொடருங்கள். மெத்தடோன் சாப்பிடும்போது க்ஷயத்திற்கு ரிபாம்பிசின் கொடுத்தால் மெத்தடோனின் பலம் குறைந்து உதறல் வரும். அது உங்கள் மனப் பலவீனமல்ல. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றிக் கொடுப்பார்.

குடும்பத்தாருக்குச் சொல்லுகின்றோம். தட்டைத் தனியாக வைக்காதீர்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை கேளுங்கள். மந்திரிக்கவும் வேண்டுதல் செய்யவும் செலவழிக்கும் பணத்தைப் பஸ் கூலிக்குக் கொடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லுகின்றோம். 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10-ந் தேதி முதல் அமுலில் இருக்கின்றது. அதன்படி கிருமி உள்ளவரை வேலையிலோ வைத்தியத்திலோ வித்தியாசமாக நடத்துவது தப்பு. தொற்றைத் தடுப்பதற்காகச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமாகாது. இதைத் தெரிந்துகொண்டு, எங்கேயாவது ஒருவன் திருப்பியனுப்பப்பட்டால் அவனோடு கூடப் போய் நின்று கேளுங்கள். விவரம் வேண்டுமானால் 1097 என்ற எண்ணுக்குக் கூலியில்லாமல் டெலிபோன் செய்யலாம்.

ஒழுக்கம் உயிரைவிடப் பெரிது என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். இருக்கட்டும். அது ஒருவன் தன் ஒழுக்கத்திற்காகத் தன் உயிரைக் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. அடுத்தவனுடைய ஒழுக்கத்திற்காக அவனுடைய உயிரை வாங்குவதற்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? செத்தவன் எப்பொழுதாவது பழக்கத்தை விட்டிருக்கின்றானா? உயிரோடு இருப்பவன்தான் இன்றில்லாவிட்டால் நாளை விடுவான். அந்த நாளைக்கு அவனை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதே அறிவுள்ளவர்கள் செய்யவேண்டிய வேலை. "விட்டுவிட்டு வா" என்று அந்தப் பையனிடம் சொன்னார்கள். "வா, வந்த பிறகு விடலாம்" என்று சொல்லியிருந்தால் இன்று அவன் தன் அண்ணனுக்குப் பக்கத்தில் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். இனி வருகின்றவனுக்காவது அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.